ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

வீடுகளுக்கு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் எங்கள் ஏஜென்ஸியில் இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு செல்போன் கொடுத்துவிடுகிறார்கள். மாத்திரை நேரம் வந்தால் அது மணியடிக்கும். மாத்திரையைக் கொடுத்துவிட்டு விரலால் தட்டினால் பச்சை ஆகிவிடும். ஆபீசில் இருப்பவர்களுக்கும் அங்கே பச்சை தெரியும். நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு தேய்ந்துபோய் போன மாதம் நான் வேலையை விட்டு நின்றேன். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து டீயும் பஜ்ஜியும் வாங்கி வைத்து, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஒரு பிள்ளை கேட்டது: "அண்ணா, உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத கேஸு எதுங்கண்ணா?" கந்தசாமி அண்ணன் முகம் உடனே கண்ணுக்கு முன்னால் வந்தது. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. எழுத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சாமளாபுரத்தில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் வழியில் ஒருவர் சொல்லி, கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். நெஞ்சு நோய் வார்டு. படுக்கை விரிப்பு மாற்றுவது, சளிக்கிண்ணம் கழுவுவது, ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வருவது எல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. மாத்திரை முழுங்க வைப்பதுதான் பழக நாளானது.

அந்த வார்டுக்குத் தலைமை நர்ஸ் ரெஜினா சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் தோளுயரம்கூட இருக்க மாட்டார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். நாங்கள் கிட்டே போய்க் குனிந்து, காதைக் கொடுத்துத் திட்டு வாங்க வேண்டும். நர்ஸ் எடுத்து வைத்த மாத்திரையை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு வந்து, "குடுத்துட்டேனுங்க சிஸ்டர்" என்று ஒருநாள் சொன்னேன்.

"குடுத்தேன்னு சொல்லுதீங்க செல்வராசு. முழுங்குனாரான்னுல்லா கேக்கேன்."

"முழுங்கியிருப்பாருங்க."

"இருப்பாரு கதை எனக்கு வேண்டாம். போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். மாத்திரை தலையணைக்கு அடியில் இருந்தது.

அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் வேலையை விட்டு நிற்கும்வரை செய்தேன். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். மாத்திரைக்கு முன்னால் ஒரு வாய்த் தண்ணீர். தொண்டை நனைந்திருக்க வேண்டும். பிறகு மாத்திரை. பிறகு இன்னொரு வாய்த் தண்ணீர். அதன் பிறகு நகரக் கூடாது. அவரை ஏதாவது பேச வைக்க வேண்டும். "ஊரு எது, என்ன சாப்பிட்டீங்க, எதையாவது கேளுங்க. மாத்திரை கன்னத்துல கெடந்தா பேச்சு வேற மாதிரி வரும். வாயத் தொறங்கன்னு சொன்னா அவங்களுக்குக் கௌரவக் குறைச்சல். பேச வெச்சா இல்ல" என்பார் சிஸ்டர்.

எனக்கோ யாரிடமும் வலியப் போய்ப் பேசிப் பழக்கமில்லை. "எந்த ஊருங்க" என்ற ஒரே கேள்விதான் வாயில் வரும். ரொம்ப நாள் படுத்திருந்த ஒரு பெரியவர், "ஏப்பா, எங்கூரு என்ன ராவோட ராவா எந்திரிச்சா போயிருது? தெனமும் கேக்கறயே" என்றார். வார்டே சிரித்தது. நான் அன்று மதியம் வரை அந்தப் பக்கமே போகவில்லை.

சிஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்ஸி ஒன்றை ஆரம்பித்தார். என்னையும் கூப்பிட்டார். போனேன். அப்படித்தான் கந்தசாமி அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அவருக்கு அப்போது வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. பல்லடம் ரோட்டில் ரைசிங் பட்டறை வைத்திருந்தவர். குளிர் தேசங்களுக்குப் போகும் பனியன் துணியின் உள்பக்கத்தைக் கம்பிப்பல் உருளையில் ஓட்டி, பஞ்சு மாதிரி எழுப்பிவிடும் வேலை. அங்கே நின்றால் புருவத்தில்கூடப் பஞ்சு படியும். நுரையீரல் இறுகிப்போனதற்கு அதுதான் காரணமா என்று கேட்டதற்கு, இருக்கலாம் என்றுதான் டாக்டர்கள் சொன்னார்கள். மூக்கில் குழாயோடு, பேசினால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்த பிறகு சென்னையில் இரண்டு நுரையீரலையும் மாற்றினார்கள். விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஒரு பையனுடையது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். "எந்த ஊட்டுப் பையனோ" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

சென்னையிலேயே சில மாதம் வைத்திருந்து ஊருக்கு அனுப்பினார்கள். பஞ்சு இல்லாத காற்று வேண்டும் என்பதால், பட்டறைக்கு மேலே இருந்த வீட்டை விட்டு, உடுமலை ரோட்டில் இருந்த தோட்டத்து வீட்டுக்குக் குடி வந்தார்கள். அவரும் அவர் மனைவி சரசு அக்காவும்தான். கல்யாணமான ஒரே மகள் வெளிநாட்டில். ஜன்னல்கள் எல்லாம் கண்ணாடி போட்டு அடைத்த ஓர் அறை அவருக்கு. வருகிறவர்கள் வாசலில் கை கழுவி முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் அக்காவே கதவில் நின்று, "தப்பா நெனைச்சுக்காதீங்க, சித்தெ கை கழுவீருங்க" என்று சொல்லிவிடுவார்.

காலையில் முதலில் எடை, அப்புறம் காய்ச்சல், அப்புறம் ரத்த அழுத்தம். அதற்குப் பிறகு ஊதும் கருவி. நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சு கொள்கிற மட்டும் மூச்சை இழுத்து, ஒரே மூச்சாக வேகமாக ஊத வேண்டும். மூன்று தடவை. எது அதிகமோ அது அன்றைய கணக்கு. அது இறங்கினால் புது நுரையீரலை உடம்பு தள்ளுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அதனால் நான் அந்தக் கருவியைப் பார்க்கும்போது அவர் என்னைப் பார்ப்பார்.

"இன்னைக்குப் புரொடக்‌ஷன் எப்படீப்பா?"

"நேத்தைக்கு மேலயே இருக்குதுங்கண்ணா."

"அப்ப ஓனருக்கு ஒரு காப்பி குடுக்கச் சொல்லு."

அக்கா சமையலறையிலிருந்தே, "ஓனருக்குச் சக்கரை ஏறிக் கெடக்குது, வெறுங்காப்பிதான்" என்பார். அந்த நாட்களில் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது.

ஆபரேஷன் அன்று அக்கா பழனி முருகனுக்கு நேர்ந்திருந்தார். "மூச்சு வந்துருச்சுன்னா அவரை நடத்தியே கூட்டியாரேன்னு நேந்துட்டேன் தம்பி. மலையேறி மொட்டை போடற வரைக்கும் ஊட்டுல கவுச்சி தொடறதில்லை." கறி, மீன், முட்டை எதுவும் அந்த வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கறி எடுத்த மனிதர் அண்ணன். அதையும் சந்தோசமாக ஏற்றுக்கொண்டிருந்தார். கூட்டத்தோடு பாத யாத்திரை போகவே கூடாது, ஒரு வருடம் போகட்டும், கூட்டமில்லாத நாளில் கடைசிக் கொஞ்ச தூரம் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நாளை நினைத்துத்தான் தினமும் வீட்டுக்குள்ளேயே சுவரோரமாக நடந்தார்.

முதல் தடவை கோவைக்குச் செக்கப்புக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். அந்த டாக்டர் அம்மா வேகமாகப் பேசுவார், ஆனால் பொறுமையாக விளக்குவார்.

"வெயில்ல போகாதீங்க. நீங்க சாப்பிடுற மாத்திரைகளோட வெயிலும் சேர்ந்தா தோலுக்குக் கெடுதல். ஆனா தோல்ல வெயில் படலேன்னா விட்டமின் டி ஊறாது. உங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடியே அது குறைச்சல். ஸ்டீராய்டு வேற எலும்பை அரிக்கும். எலும்புக்கு மட்டும் இல்ல, கிருமியை எதிர்க்கவும் அது உதவும்னு சொல்றாங்க. அதனால வாரம் ஒண்ணு இந்த கேப்சூல். இதுதான் உங்களுக்கு வெயில்னு வெச்சுக்குங்க."

"சரிங்க டாக்டர்."

காரில் ஏறியதும் சொன்னார்: "பாத்தியாப்பா, நம்மூருல தண்ணியத்தான் வெலைக்கு வாங்கீட்டிருந்தம். இப்ப வெயிலையும் வாங்கோணுமாட்டிருக்குது."

எந்தக் கிழமை கொடுக்கலாம் என்று கேட்டேன். "வெயிலு மாத்திரைதானே, ஞாயித்துக்கிழமையே வெச்சுக்குவம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போய்வருகிற நாள். அதனால் அதைக் கொடுக்கும் பொறுப்பு அக்காவுடையது. சிஸ்டரின் முறையை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் வெட்கத்தோடு சிரித்தார். "போ தம்பி, எம்பட ஊட்டுக்காரரைப் பக்கத்துல நின்னு பரீட்சை வெக்கறதா? தட்டுல வெச்சுக் குடுத்தா அவரே போட்டுக்குவாரு." மற்ற எல்லா மாத்திரையையும் தவறாமல் முழுங்குகிறவர். நான் மேலே வற்புறுத்தவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மரியாதைக்குரியவர் ஒன்றைச் சொன்னால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டோம். தலையை ஆட்டி, சரிங்க என்போம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் சரிங்க, போக முடியாதென்றாலும் சரிங்க. மறுப்பது அவரை அவமதிப்பது மாதிரி. கேட்பவருக்கும் அது தெரியும். மறுபடி கேட்க மாட்டார். டாக்டர் அம்மா வெளியூர்க்காரர்.

சில மாதம் நன்றாகப் போனது. ஊதும் கணக்கு ஏறிக்கொண்டே வந்தது. அதற்கிடையில் அண்ணனுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. காலையில் கிழக்கு ஜன்னல் கண்ணாடி வழியாகத் தரையில் ஒரு கட்டம் வெயில் விழும். நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு காலையும் அந்த வெயிலில் வைத்துக்கொள்வார். வெயில் நகர நகர நாற்காலியும் நகரும். ஏசி குளிருக்கு இதமாக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். உடம்பில் வெயில் படாமல் காலோடு நிறுத்திக்கொள்கிறாரே, டாக்டர் சொன்னதை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றியது.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் விட்டமின் டி ஏறவில்லை. முன்னைவிடக் குறைந்திருந்தது.

"கேப்சூல் சாப்பிடுறீங்கல்ல?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க."

"சிலருக்கு உடம்புல சரியா ஒட்டாது. அடுத்த தடவை பார்த்துட்டு மாத்தலாம்."

"சரிங்க டாக்டர்."

அடுத்த தடவை வருவதற்கு முன்பே அது நடந்தது. ஒரு காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடி குனிந்து செருப்பை மாட்டினார். அப்போது ஒரு தும்மல். அவ்வளவுதான். "அம்மா" என்று ஒரு சத்தம். நான் ஓடிப்போனபோது நிமிரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் ஒரு கட்டை அமுங்கியிருந்தது. டாக்டர் அம்மா படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். அவ்வளவு வலியிலும் அண்ணன் அதை உற்றுப் பார்த்து, "நூலுப் பெட்டிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனா அடிப்பெட்டி அமுங்குமுங்களே, அதாட்டவே இருக்குது" என்றார்.

எலும்புக்கு வேறு மருந்தும் இடுப்புக்குப் பட்டையும் கொடுத்தார்கள். வாரம் ஒன்றாக இருந்த கேப்சூலை இரண்டாக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமையோடு புதன்கிழமையும் ஒன்று.

புதன்கிழமை கொடுக்க வேண்டியவன் நான்.

இட்லி சாப்பிட்டு முடித்திருந்தார். காலை மாத்திரைகள் எல்லாம் கொடுத்தேன், முழுங்கினார். கடைசியாக இதைக் கிண்ணத்தில் வைத்து நீட்டினேன். மஞ்சள் எண்ணெய் நிறைந்த, வழவழவென்ற ஒரு சின்ன முத்து. வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். வழக்கம்போல நின்றேன்.

"நேத்து அக்கா என்னங்கண்ணா கொழம்பு வெச்சாங்க?"

பதில் இல்லை. ஜன்னலைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். அவருக்கு அந்த முறை தெரியும், தினமும் நடப்பதுதானே. கொஞ்ச நேரம் கழித்துக் கையை வாய்க்குக் கொண்டுபோய், கேப்சூலை உள்ளங்கையில் எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"முடியலப்பா."

அவருடைய சகலை, அதாவது அக்காவின் தங்கை வீட்டுக்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது செல்போனில் ஒரு படம் காட்டியிருக்கிறார். கேப்சூலின் கூட்டை மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சிச் செய்கிறார்கள் என்று அதில் வந்ததாம். அன்றிலிருந்து தட்டில் வைத்த கேப்சூலை எடுத்து வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டு, வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறார்.

"மலையேறற வரைக்கும் கவுச்சி தொடறதில்லைன்னு உங்கக்கா நேந்திருக்கறா. முட்டையே ஆகாதுங்கறப்ப, மாட்டெலும்பப் போயி எப்படியப்பா முழுங்கறது?"

என் கண் என்னை அறியாமல் மேசைக்குப் போனது. புது நுரையீரலை உடம்பு தள்ளிவிடாமல் காக்கிற மருந்து அங்கே இருந்தது. காலையும் மாலையும் அவர் முழுங்குவது. அதுவும் கேப்சூல்தான். பார்த்துவிட்டோமே என்று பயந்து உடனே தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கவனித்துவிட்டார். 

"அதைப் பாக்கறயா? தெரியுமப்பா. அதுவும் அதே கூடுதான். அதை உட்டா மூச்சுப் போயிரும். அந்தப் பையன் குடுத்த மூச்சு. அதனால தெனமும் ரெண்டு வேளை முருகங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு முழுங்கறேன். இது சத்து மாத்திரைதானே. இதையாவது அவனுக்கு உட்டுக் குடுக்கலாம்னு நெனைச்சேன்."

கையை நீட்டி அவர் உள்ளங்கையில் இருந்ததை வாங்கிக்கொண்டேன். அந்தக் கேப்சூல் என் கையில் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் சிஸ்டருகிட்டச் சொல்லோணுமுங்கண்ணா" என்றேன் கடைசியில்.

"சொல்லாம இருக்க மாட்டயா?"

"மாட்டனுங்க."

எந்த நோயாளியிடமும் நான் அப்படி எதிர்த்துச் சொன்னதில்லை. "சரி, சொல்லு. உங்கக்கா மேல பழி வராமச் சொல்லு" என்றார். அப்போதே வெளியே போய் சிஸ்டருக்குப் போன் செய்தேன்.

மறுநாள் சிஸ்டர் பஸ் பிடித்து வந்துவிட்டார். கை கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, அண்ணன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். திட்டவில்லை. பையிலிருந்து ஒரு சின்னப் பாக்கெட்டை எடுத்துக் கிழித்து, டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் கொண்டாந்தேன் அண்ணாச்சி. அதே மருந்து. பொடி. இதுல கூடு கெடையாது."

அண்ணன் டம்ளரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொடியாவே இருக்குதுங்களா?"

"எப்பவும் இருக்கு."

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பீங்களா?"

"முதல் நாளே குடுத்திருப்போமே."

"அவ்வளவு பெரிய டாக்டர் நம்ம நல்லதுக்குச் சொல்றாங்க. அவங்க மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிங்க சிஸ்டர் சொல்றது?" என்று கேட்டவர், தன்னை நினைத்துத் தானே சிரிக்க ஆரம்பித்தார். பாதிச் சிரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி குறைந்ததும் சொன்னார்: "அப்பவும் சும்மா இருக்கலீங்க. அதுக்குப் பதுலா தெனமும் அந்த ஜன்னல் வெயில்ல காலை வெச்சிருந்தனுங்க. காலுக்கு மட்டும் பட்டாத் தப்பில்லைன்னு."

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். "கண்ணாடி வழியா வர்ற வெயில்ல சூடுதான் உண்டு, அண்ணாச்சி. அந்தச் சத்து வராது."

நான் அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். எத்தனை நாள் காலையில் நாற்காலியை நகர்த்திக் கொடுத்திருப்பேன்.

அண்ணன் டம்ளரை வாங்கி, அடியில் தங்கினதையும் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடித்தார். மோர் கொண்டுவந்த சரசு அக்கா கதவருகே நின்றபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பதை மூன்று பேருமே அப்போதுதான் பார்த்தோம். அவர் உள்ளே வந்து மோரை வைத்தார். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். சமையலறையில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பொடி தவறவே இல்லை. ஆனால் அமுங்கின எலும்பு அமுங்கினதுதான்.

நுரையீரல் மாற்றினவர்கள் நன்றாக மூச்சை இழுக்க வேண்டும், சளி வந்தால் இருமி வெளியே தள்ள வேண்டும். புது நுரையீரலில் சளி தேங்குவது தானாகத் தெரியாது. நினைத்து நினைத்து இரும வேண்டும். முதுகு அமுங்கினவருக்கு அந்த இரண்டும்தான் உயிர் போகிற வலி. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து என் இரண்டு கையாலும் முதுகைத் தாங்கிப் பிடிப்பேன். மூச்சை இழுப்பார். இரும ஆரம்பிப்பார். பாதியில் நிறுத்திவிடுவார். சளி மேலே வந்தது திரும்ப உள்ளே இறங்குவது என் கைக்குத் தெரியும்.

"இன்னொருக்கா பாக்கலாமுங்கண்ணா."

"சித்தெ பொறுப்பா."

காலை ஊதும் கணக்கு இறங்க ஆரம்பித்தது. புரொடக்‌ஷன் எப்படி என்று அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நானும் கருவியை அவர் பார்வை படாத பக்கம் திருப்பிப் பிடிக்கப் பழகினேன். உடம்பு நுரையீரலைத் தள்ளுகிறதோ என்று கோவையில் சோதித்தார்கள். அது இல்லை என்றார்கள். அன்று காரில் அக்கா சாமி கும்பிட்டார். சில நாளில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் கிருமி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐசியூவில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன். கை மட்டும் தூக்கி ஆட்டுவார். ஒருநாள் உள்ளே விட்டார்கள். குழாய் இருந்ததால் பேச முடியாது. என் கையைப் பிடித்துத் தன் முதுகுப் பக்கம் இழுத்தார். தாங்கிப் பிடிக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. பிடித்துக்கொண்டேன். நர்ஸ் வந்து போகச் சொல்லும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே போய்விட்டார். கடைசி ரத்தப் பரிசோதனையில் விட்டமின் டி நன்றாக ஏறியிருந்ததாக டாக்டர் அம்மா சொன்னார். சொல்லிவிட்டு, அதை ஏன் சொன்னோம் என்பதுபோலக் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா அப்போதே அவரிடம் கேட்டார். அந்த மாத்திரையை முழுங்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று. "அதனாலதான்னு இல்லம்மா, மனசைப் போட்டு வருத்திக்காதீங்க" என்றார் டாக்டர். சிஸ்டரிடமும் அக்கா கேட்டார். அவரும் இல்லை என்றார். எழவுக்கு வந்தவர்கள், சகலை உட்பட, எல்லோரும் இல்லை இல்லை என்று ஒரே மாதிரி சொன்னார்கள். நான் வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் அக்கா கேட்கவில்லை.

வருடம் திரும்பித் தலைத்திவசம் முடிந்த பிறகு ஒருநாள் போன் செய்தார். நான் அப்போது வேறொரு வீட்டில் வேலையில் இருந்தேன்.

"தம்பி, பழனிக்கு நடக்கலாம்னு இருக்கறேன். கூட வர்றயா? ஒறம்பரை யாரும் வேண்டாம். அவிங்க பேசிக்கிட்டே வருவாங்க."

"அண்ணனே இல்லாதப்ப எதுக்குங்கக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"மூச்சு வந்தா நடக்கறம்னு நேந்தேன். வந்துச்சே தம்பி. உங்கண்ணன் தோட்டத்து ஊட்டுல சிரிச்சுக்கிட்டுத்தானே நடந்தாரு. வந்தது வந்ததுதான். குடுக்கறதைக் குடுத்தரோணும்."

லீவு சொல்லிவிட்டுப் போனேன். தைப்பூசக் கூட்டம் எல்லாம் போய் ஓய்ந்த நாட்கள். தோட்டத்து வீட்டிலிருந்து நடந்தோம். உடுமலைப்பேட்டையில் ஒரு மண்டபத்தில் தங்கிவிட்டு மறுநாள் கிளம்பினோம். அக்கா செருப்புப் போடவில்லை. முன்னால் அவர், பின்னால் பையோடு நான். வழியில் இரண்டு பேரும் பேசினது தண்ணீர் வேண்டுமா, வேண்டாம் என்ற அளவில்தான். மடத்துக்குளம் தாண்டினபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அக்கா பாதத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் நேராம இருந்திருந்தா அவரு அதை முழுங்கியிருப்பாரு. முழுங்கியிருந்தாப் பொழைச்சிருப்பாருங்களா தம்பி?"

இல்லீங்கக்கா என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. எங்கள் ஊர் வாய் அது. அண்ணன் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். பாதியில் நின்ற இருமல்கள் ஞாபகம் வந்தன. முதுகு அமுங்காமல் இருந்த எத்தனையோ பேரும் என் பழைய நெஞ்சு நோய் வார்டில் அதே காய்ச்சலில் போனதும் ஞாபகம் வந்தது.

"தெரியலீங்கக்கா" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்தேன். மஞ்சள் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"எனக்கும் தெரியல தம்பி" என்றார். "அல்லாரும் இல்லை இல்லைன்னாங்க. அவிங்க சொல்லச் சொல்ல, நாந்தான் கொன்னுபோட்டனாட்ட இருந்துச்சு. தெரியலைன்னா தாங்கிக்கலாம்."

எழுந்து, காய்ந்து கொதிக்கிற தார் ரோட்டில் காலை வைத்தார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். இந்தத் தடவை பின்னால் வரவேண்டாம், பக்கத்தில் வா என்று கையைக் காட்டினார்.